நூறு செல்லுக்கு இருபத்தெட்டு

அந்தக் கல்லூரியில் கடந்த இருபத்திரண்டு வருஷமாக உயிரியல் படித்து வெளியேறியவர்களின் ரெக்கார்டு நோட்டுகளை வரவழைத்துப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 'மனிதக் கன்னச் செல்' என்று தலைப்பிட்டு, பென்சிலால் கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டு, நடுவில் உட்கருவைக் கறுப்பாக்கி, அம்புக்குறி இழுத்துப் பெயர் எழுதியிருக்கிறார்களே, அந்தப் படங்களில் முக்கால்வாசி ஒரே ஆளின் கன்னம். இன்று டாக்டராக இருப்பவர்களும், மருந்துக் கம்பெனியில் பெட்டி தூக்குபவர்களும், எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் கடை நடத்துபவர்களும் அன்று வரைந்தது ஆய்வக உதவியாளர் நீலக்கையின் இடது கன்னத்து உள்பக்கத்தைத்தான். இது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் இரண்டு பேராவது வாயைக் கொப்பளிப்பார்கள்.

நீலக்கை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். செல்லுக்குச் சாயம் ஏற்றும் நீல மருந்து பத்து விரலிலும் ஏறி, எந்தச் சோப்புக்கும் மசியாமல் அங்கேயே குடியிருந்தது. ஆள் ஆறடிக்கு மேல். கைகால் நீளம். ஆய்வகத்து மேல் அலமாரியை ஸ்டூல் போடாமல் எட்டுகிற ஒரே மனிதர் என்பதால் அந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கன்னம் கொடுக்கும் வழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் கையில் பல்குச்சியைக் கொடுத்துக் கன்னத்தை லேசாகச் சுரண்டச் சொன்னால், ஒருத்தன் கூசுகிறது என்று சிரிப்பான், ஒருத்தி ரத்தம் வரச் சுரண்டிவிட்டு அழுவாள். உப்புக் கரைசல் ஒரு சொட்டு விடு என்றால் வெறும் தண்ணீரை விடுவார்கள். தண்ணீர் செல்லுக்குள் புகுந்து அது ஊதிப்போகும். மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்கத் தெரியாமல் தொப்பென்று போட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழியைச் செல் என்று நினைத்து அழகாக வரைந்தும் வைப்பார்கள். மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது நீலக்கை பொறுமை இழப்பார். காலையிலேயே தன் கன்னத்தைச் சுரண்டிச் சாயமேற்றி அடுக்கி வைத்திருக்கும் நாற்பது ஸ்லைடுகளில் ஒன்றை எடுத்து, பேராசிரியர் அந்தப் பக்கம் திரும்பும் நேரமாகப் பார்த்து, நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளிவிடுவார். பிள்ளைக்கு மார்க், அவருக்கு நேரத்தோடு வீடு. "இந்தக் காலேஜுக்கே கன்னம் குடுத்தவன்டா நான்," என்று வாட்ச்மேனிடம் பீற்றிக்கொள்வார்.

பத்தாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவர். ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஒரே பாடத்தைப் பின்சுவரில் சாய்ந்து கேட்டால் சுவருக்கே மனப்பாடம் ஆகிவிடும். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்று ஆரம்பித்தால், புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, கடைசியில் நியூக்ளிக் அமிலம் வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்வார். அயோடினை உருளைக்கிழங்கில் விட்டால் ஏன் கருநீலமாகிறது என்று கேட்டால் பதில் சொல்வார். அதற்கு மேல் ஒரு 'ஏன்' கேட்டால், "அது பெரிய கிளாஸ்ல வரும்," என்று நழுவிவிடுவார். வார்த்தை எல்லாம் அவரிடம் இருந்தது. அது எதுவும் தன்னைப் பற்றியது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஒருதரம் வீட்டில் மனைவியிடம் ஜம்பமாக, "நீ யாருன்னு நெனச்சே? முக்கால்வாசி தண்ணி," என்றார்.

"மீதி?" என்றாள் அவள்.

"மீதி புரதம், கொழுப்பு, கொஞ்சம் உப்பு."

"இல்லீங்க. மீதி பூரா உங்க அக்கா பேச்சைக் கேட்டு வெந்தது," என்றாள்.

அவள் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் உதவியாளர். ஆரஞ்சு நிற மேல்கோட்டு போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் நாற்பத்தைந்து பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி, இறக்கி, தண்ணீர்ப் புட்டியை விட்டுவிட்டுப் போனவனைத் துரத்திப் பிடித்துக் கொடுப்பாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். சொந்தமாக ஒரு பிள்ளை இல்லை. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்வாங்க. நீயும்தான் ஒரு பஸ் நெறைய வளர்க்கிற, எங்க வளருது?" என்று அவருடைய அக்கா ஒருதரம் விருந்தாளிகள் மத்தியில் கேட்டாள். நீலக்கை அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.

அக்கா கெட்டவள் இல்லை என்று அவர் சொல்வார். அப்பா அம்மா போனபிறகு இவரைச் சோறு போட்டு ஆளாக்கியவள். ஆனால் "எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு எந்தக் குறையும் கிடையாது" என்று அவள் முதல் வருஷமே தீர்ப்பு எழுதிவிட்டாள். அந்தத் தீர்ப்புக்கு மேல் அப்பீல் இல்லை. ஆகவே மனைவிதான் ஒவ்வொரு டாக்டராக ஏறி இறங்கினாள். இரண்டு முறை வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். மாத்திரை தின்று உடம்பு ஊதியது, மயிர் கொட்டியது. எல்லா ரிப்போர்ட்டிலும் 'நார்மல்' என்று எழுதி, அடுத்த தடவை கணவரையும் டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்க என்றும் சொல்லி அனுப்பினார்கள். அந்த அடுத்த தடவைதான் வரவே இல்லை. பிராக்டிகல் பரீட்சை என்பார், ஸ்டாக் எடுக்கிறார்கள் என்பார், தலைவலி என்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. போன மாதம் அக்கா ஒரு புது ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்து, தன் கைக்காசைக் கட்டி, வரும் வியாழக்கிழமைக்கு மூன்றாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாள். "இதோட உங்க அக்கா என்னை விட்டுடுவாங்கன்னா போய்ப் படுத்துக்கறேன்," என்றாள் மனைவி. சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரத் திங்கட்கிழமைதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த விரிவுரையாளர் ஒரு இளவயதுப் பெண். எல்லோரும் புது மேடம் என்பார்கள். சும்மா கன்னச் செல்லை வரைந்து அம்புக்குறி போடுவதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிற ஜாதி. நீல மருந்தை ஓரங்கட்டிவிட்டு ஊதா நிறத்தில் ஒரு புதுச் சாயம் கொண்டுவந்தார். "இன்னைக்கு உட்கருவோட விளிம்பைப் பாக்கப் போறோம்," என்றார். "பெண்களோட செல்லுல ரெண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கு. ஒண்ணு வேலை செய்யும். இன்னொண்ணு சுருண்டு ஓரமாப் படுத்துக்கும். அது சின்னப் புள்ளி மாதிரி தெரியும். பேரு பார் பாடி. ஆண்களுக்கு எக்ஸ் ஒண்ணே ஒண்ணுதான், அதனால புள்ளி இருக்காது. ஆளுக்கு நூறு செல் எண்ணுங்க. எத்தனைல புள்ளி இருக்குன்னு எழுதுங்க."

பெண்கள் பக்கம் இருபத்தைந்து, முப்பது, முப்பத்திமூன்று என்று எண்கள் வந்தன. எல்லாச் செல்லிலும் தெரியாது, திரும்பியிருக்கும் பக்கத்தைப் பொறுத்தது என்றார் மேடம். பையன்கள் பக்கம் சைபர், சைபர், ஒன்று. அந்த ஒன்று தூசி என்றார்.

கடைசி வரிசையில் ஒருத்தன் இருந்தான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன், அதனால் சோடா என்று கூப்பிடுவார்கள். மூன்று ஸ்லைடைப் பாழாக்கிவிட்டு, நாலாவதை உடைத்தும் விட்டான். நீலக்கை வழக்கம்போல, காலையில் புதுச் சாயமேற்றி அடுக்கிய தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தள்ளினார். மேடம் வந்து கண்ணை வைத்தார். திருகினார். மறுபடி வைத்தார். உதடு அசைய எண்ண ஆரம்பித்தார்.

"இது யாரோட ஸ்லைடு?"

"என்னோடதுதான் மேடம்," என்றான் சோடா.

"பொய் சொல்லாத. முப்பது செல் பாத்தேன், எட்டுல புள்ளி இருக்கு. பக்கத்து பெஞ்சுப் பொண்ணோட ஸ்லைடைத் தூக்கி வெச்சுட்டு என்கிட்டயே கதை விடறியா?"

வகுப்பு சிரித்தது. சோடா நீலக்கையைப் பார்த்தான். நீலக்கை கூரையைப் பார்த்தார். வாயைத் திறந்தால் இருபத்திரண்டு வருஷத்துக் குட்டு உடையும், வேலைக்கே உலை. மேடம் சோடாவின் நோட்டில் பெரிய சைபர் போட்டுவிட்டுப் போனார்.

எல்லோரும் போனபிறகு சோடா திரும்பி வந்தான். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, எந்தப் பொண்ணோட ஸ்லைடை வெச்சீங்க? ஏன் என்னை இப்படி மாட்டிவிட்டீங்க?"

"பொண்ணும் இல்ல, கிண்ணும் இல்ல. என்னோடதுடா. காலைல நானே சுரண்டினது."

சோடா அவரை ஏற இறங்கப் பார்த்தான். அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "அப்படின்னா நீங்க..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

நீலக்கை முதலில் சாயத்தைச் சந்தேகப்பட்டார். புதுச் சாயம், என்ன கண்றாவியோ. பிறகு லென்ஸைச் சந்தேகப்பட்டார். ஆல்கஹால் தொட்டுத் துடைத்தார். பிறகு ஸ்லைடு கழுவும் தொட்டியைச் சந்தேகப்பட்டார். புது ஸ்லைடு எடுத்து, வலது கன்னத்தைச் சுரண்டி, சாயமேற்றி, நிமிர்ந்து உட்கார்ந்து நூறு எண்ணினார். இருபத்தெட்டு. இடது கன்னம் ஒருவேளை கெட்டுப்போயிருக்கலாம், இரண்டு கன்னமுமா கெடும்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வாஷ்பேசினுக்கு மேலே கண்ணாடி இருந்தது. அதில் போய் நின்றார். மீசை இருந்தது. தாடிதான் கொஞ்சம் கஞ்சம். வாரத்துக்கு ஒருமுறை ஷேவ் செய்தால் போதும், சோப்பு மிச்சம் என்று பெருமைப்பட்டிருக்கிறார். குரல் குரலாகத்தான் இருந்தது. "டேய், நீ யாருடா?" என்று கண்ணாடியைக் கேட்டார். கண்ணாடி என்ன சொல்லும்?

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "அக்கா போன் பண்ணாங்களா? என்ன சொன்னாங்க?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்ல," என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் செய்த காரியத்தை அந்தக் கல்லூரியில் எந்தப் பேராசிரியரும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. முதலில் வாட்ச்மேனைப் பிடித்தார்.

"வாயைத் திற."

"எதுக்கு? பல்லு புடுங்கப் போறியா?"

"திறடான்னா."

வாட்ச்மேன் எட்டுப் பிள்ளை பெற்றவன். நூறு செல்லுக்கு ஒன்றுகூட இல்லை. அடுத்து வராந்தா பெருக்கும் அம்மா. "என் வாயில என்ன புதையலா இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே திறந்தார். முப்பத்தொன்று. கடைசியாக ஒரு தடவை தன்னுடையது. இருபத்தொன்பது. காகிதத்தில் மூன்று எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். சாயத்தின்மேலும் லென்ஸின்மேலும் இனிப் பழி போட வழியில்லை. வாட்ச்மேன் ஒரு பக்கம், பெருக்கும் அம்மா ஒரு பக்கம், இவர் அந்த அம்மா பக்கம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

மத்தியானம் புது மேடம் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய் நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். எனக்கில்ல. தெரிஞ்சவர் ஒருத்தருக்கு."

"சொல்லுங்க."

"ஒரு ஆம்பளை. நல்ல ஆம்பளைதான். அவரு செல்லுல அந்தப் புள்ளி இருந்தா அவரு..." மென்று விழுங்கினார். "அவரு என்ன மேடம்?"

மேடம் பேனாவை வைத்தார். "ஆம்பளைதான். அதுல என்ன சந்தேகம்? ஆணாக்கறது ஒய் குரோமோசோம். அது அவருகிட்ட இருக்கு. கூடவே எக்ஸ் ஒண்ணுக்கு ரெண்டா வந்துடுச்சு. கரு உண்டாகறப்போ பங்கு பிரியறதுல நடக்கிற தவறு, யாரும் செஞ்ச குத்தம் இல்ல. அறுநூறு எழுநூறு ஆம்பளைல ஒருத்தருக்கு இருக்கும். பலபேருக்கு சாகற வரைக்கும் தெரியாது."

"அப்படியா? வேற ஒண்ணும் பண்ணாதா?"

"சிலர் உயரமா இருப்பாங்க. தாடி கம்மியா வளரும்." மேடத்தின் பார்வை அவர் முகத்தில் ஒரு கணம் நின்று, மேஜைக்குத் திரும்பியது. "முக்கியமா, குழந்தை உண்டாகறது கஷ்டம். பெரும்பாலும் ஆகாது. இப்ப சிகிச்சை இருக்கு, ஆனா வயசு ஆக ஆகக் கஷ்டம்."

நீலக்கை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தெரிஞ்சவர்கிட்ட சொல்லுங்க," என்றார் மேடம் மெதுவாக. "கன்னத்தைச் சுரண்டிப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்து குரோமோசோம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. மூணு வாரத்துல தெரிஞ்சிடும்."

வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார் நீலக்கை. "மேடம், அந்தச் சோடாப் பையன் ஏமாத்தல. அது என் தட்டுல இருந்த ஸ்லைடு. சைபரை எடுத்துடுங்க. என்மேல என்ன நடவடிக்கை எடுக்கணுமோ எடுங்க."

மேடம் மறுபடி பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு, "அந்தத் தட்டை மட்டும் குப்பைல போட்டுடுங்க," என்றார்.

மூன்று வாரம் அவகாசம் இருந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கலாம். ஆனால் வியாழன் நாளை மறுநாள். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு நேராகப் போகாமல் தெருத்தெருவாக நடந்தார். அவர் மனசுக்குள் ஓடியதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், அவர் மகான் இல்லை. சொல்லாமல் விட்டால் என்ன என்றுதான் முதலில் நினைத்தார். அவள் போய்ப் படுப்பாள், நார்மல் என்பார்கள், அக்காவும் ஓய்ந்துவிடுவாள், இந்தப் புள்ளி யாருக்கும் தெரியாமலே போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். பிறகு அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து உருட்டிக்கொண்டு போவது கண்முன் வந்தது. இரண்டு தடவை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தடவை செய்தித்தாள்கூடப் படித்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. தான் ஆணா, பாதி ஆணா, என்ன கணக்கு என்ற குழப்பம் அப்படியே இருந்தது. வெட்கம் மட்டும் குழப்பமில்லாமல் இருந்தது.

புதன்கிழமை கல்லூரியில் விளையாட்டு விழா. ஆய்வகம் காலி. "இன்னைக்கு மத்தியானம் எங்க லேபுக்கு வா, ஒண்ணு காட்டணும்," என்றார் மனைவியிடம்.

"என்ன, உங்க தவளையையா?" என்றாள். ஆனாலும் காலை டிரிப் முடிந்து, ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றாமலே வந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்த அறைக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. புட்டிகளையும் குழாய்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் நீங்கதான் கழுவறீங்களா? வீட்டுல ஒரு தம்ளர் கழுவ மாட்டேங்கறீங்க," என்றாள்.

அவர் பல்குச்சியை எடுத்தார். "வாயைத் திற."

"டாக்டருங்கதான் கண்ட இடத்துல கை வெச்சாங்க. இப்ப நீங்களுமா?"

"வலிக்காது. தயவுசெய்து."

திறந்தாள். லேசாகச் சுரண்டினார். சாயம் ஏற்றி, கழுவி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, அவளை ஸ்டூலில் உட்காரவைத்தார். "ஒண்ணும் தெரியல. என் கண்ணு இமைதான் தெரியுது," என்றாள். திருகினார். திடீரென்று, "ஐயோ! இதெல்லாம் யாரு?" என்றாள்.

"நீதான். உன் செல்லு. ஊதா உருண்டை இருக்கில்ல? அதோட ஓரத்துல கறுப்பா ஒரு புள்ளி பாரு."

"ஆமா. இருக்கு. இதோ இன்னொண்ணு. அழகா இருக்குங்க." அவள் உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். அது அவரை என்னமோ செய்தது.

ஸ்லைடை மாற்றினார். "இப்பப் பாரு."

"அதேதான். புள்ளி இருக்கு. இதுவும் நானா?"

"இது நான்."

"சரி. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. புருஷன் பெண்டாட்டின்னா அப்படித்தானே?"

"இருக்கக் கூடாதும்மா. எனக்கு இருக்கக் கூடாது. அது பொம்பளைங்களுக்குத்தான் இருக்கும்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அப்ப நீங்க யாராம்?"

"ஆம்பளைதான்னு மேடம் சொன்னாங்க."

"மேடம் சொல்லணுமாக்கும்? எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிச் சிரிக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவர் சொன்னார். முன்னுக்குப் பின், பின்னுக்கு முன் என்று எல்லாவற்றையும் குழப்பி, எக்ஸை ஒய் என்றும் ஒய்யை எக்ஸ் என்றும் மாற்றி, வாட்ச்மேன், பெருக்கும் அம்மா, அறுநூறில் ஒருத்தர் எல்லாம் சொல்லி, கடைசியில் நின்றார். "இப்படி இருந்தா குழந்தை உண்டாகாதாம். பெரும்பாலும்."

வெளியே மைதானத்தில் யாரோ ஜெயித்து, எல்லோரும் கத்தினார்கள்.

"ரெண்டு தடவை என் வயித்துல ஓட்டை போட்டாங்க," என்றாள். குரல் உயரவில்லை. "ஊசி, மாத்திரை, ஊருல இருக்கறவங்க பார்வை, உங்க அக்கா பேச்சு. நான் என்னையே வெறுத்தேன் தெரியுமா? குளிக்கறப்ப என் வயித்தைப் பாத்தே திட்டியிருக்கேன். உங்களுக்கு என்ன? ஒரு பல்குச்சி. ஒரு பல்குச்சியில தெரிஞ்சிருக்கும். அதுக்குப் பத்தொன்பது வருஷமா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் தோணல. டாக்டருங்க எத்தனை தடவை உங்களைக் கூப்பிட்டாங்க?"

"மூணு."

"நாலு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கன்னத்தை வெச்சு முடிவு கட்டக் கூடாதாம். ரத்தம் குடுக்கணும். நாளைக்கு நீ போகாத. நான் போறேன். அதே ஆஸ்பத்திரிதான், நான் போய் ரத்தம் குடுக்கறேன்."

"நீங்க போங்க, போகாம இருங்க. அதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? உங்க அக்காகிட்ட சொல்லுங்க. இங்க, என் முன்னாடி. ஸ்பீக்கர்ல."

ஆறடி மனிதருக்கு அந்த போனை எடுக்கக் கையே வரவில்லை. எண்ணைப் போட்டார். இரண்டாவது மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள்.

"என்ன தம்பி, நாளைக்கு எல்லாம் ரெடியா? காலைல அவ பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது, ஞாபகப்படுத்து."

"ஆபரேஷன் வேண்டாம்க்கா. நான்தான் போறேன், எனக்குத்தான் டெஸ்ட்."

"உனக்கு எதுக்குடா? அவ சொல்லச் சொன்னாளா?"

"இல்லக்கா. நானே பாத்தேன், என் கண்ணால." மனைவி ஸ்டூலில் நேராக உட்கார்ந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவகிட்ட ஒரு குறையும் இல்லக்கா. எல்லா ரிப்போர்ட்டும் அதைத்தான் சொல்லுச்சு. நாமதான் நம்பல."

"என்னது? அங்க ஒரே கூச்சலா இருக்கு, சரியாக் கேக்கல."

"கேக்கலையாம்," என்றாள் மனைவி. "இன்னொரு தடவை சொல்லுங்க."

"அவகிட்ட ஒரு குறையும் இல்ல!" என்று கத்தினார். ஆய்வகத்துப் புட்டிகளில் பட்டு எதிரொலித்தது.

பிறகு அக்கா, "சரி, கேட்டுச்சு, எதுக்குடா இப்படிக் கத்தற? அப்புறமாப் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.

நீலக்கை போனை மேஜைமேல் வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "கேட்டுடுச்சாம்," என்றார்.

"அவங்களுக்குக் கேட்டுடுச்சு," என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தாள், துடைக்கவில்லை. "எனக்கு இன்னும் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் அவளுக்கு முன்னால் வந்து நின்று சொன்னார்.

"இன்னொரு தடவை," என்றாள்.